மாவட்டப் படத்தில் வண்ணம் பூசுமுன் ஒரு வகுத்தல் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து, மாவட்ட வாரியாகக் காய்ச்சல் பாதிப்பைக் காட்டும் வண்ண வரைபடம் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வெளியாகி வருகிறது. வெறும் அட்டவணையாக வந்துகொண்டிருந்த செய்தியைப் படமாகக் கொடுக்க முன்வந்ததைப் பாராட்டுகிறேன். ஆனால், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பூசப்படும் வண்ணம் அங்கே பதிவான நோயாளிகளின் மொத்த எண்ணிக்கையைக் கொண்டே முடிவு செய்யப்படுகிறது. அந்த மாவட்டத்தில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பது கணக்கில் வரவேயில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவன் என்ற முறையிலும், ஓய்வு பெற்ற பிறகு 'ஆர்' என்னும் புள்ளியியல் நிரல்மொழியில் வரைபடங்கள் போட்டுப் பார்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவன் என்ற முறையிலும், இந்த ஒரு குறையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. இடம் போதவில்லை என்றால் சுருக்கி வெளியிடத் தங்களுக்கு முழு உரிமை உண்டு. எண்களை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

எண்ணிக்கையை வைத்து வண்ணம் பூசினால் கிடைப்பது நோயின் படமன்று, மக்கள்தொகையின் படம். 2011 கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்டத்தில் 46,46,732 பேரும் பெரம்பலூர் மாவட்டத்தில் 5,65,223 பேரும் இருந்தனர். சென்னைக்குள் எட்டுப் பெரம்பலூர் அடங்கும். விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்குச் சொல்கிறேன். சென்னையில் 930 பேருக்கும் பெரம்பலூரில் 226 பேருக்கும் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கைப் படத்தில் சென்னை அடர்சிவப்பாகவும் பெரம்பலூர் வெளிறிய மஞ்சளாகவும் தெரியும். லட்சம் பேருக்கு எத்தனை என்று வகுத்துப் பார்த்தாலோ, சென்னையில் ஏறத்தாழ 20, பெரம்பலூரில் 40. இரு மடங்கு பாதிப்புள்ள மாவட்டத்தில் இருப்பவர் காலையில் நாளிதழைப் பிரித்துப் பார்த்து, நம் பக்கம் ஒன்றுமில்லை என்று நிம்மதியாக மடித்து வைத்துவிடுவார்.

இது கற்பனைக் கணக்குத்தானே என்று தங்கள் வரைபடப் பிரிவினர் கேட்கக்கூடும். ஆர் மொழியில் வரைபடம் கற்கும் எவரும் முதல் நாளே சந்திக்கும் உண்மைத் தரவு ஒன்று இருக்கிறது. இடம்சார்ந்த தரவுகளைக் கையாள்வதற்கான 'எஸ்எஃப்' என்ற தொகுப்பை, அதாவது ஆர் மொழியோடு சேர்த்துக்கொள்ளும் துணைக் கட்டளைகளின் கட்டை, கணினியில் நிறுவினால், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நம் மாவட்டங்களைப் போன்ற 100 கவுண்டிகளுடைய எல்லைக் கோப்பும் பயிற்சிக்காகக் கூடவே வந்துவிடும். தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை காரணம் புலப்படாமல் இறந்துபோகிறதே, அத்தகைய திடீர்ச் சிசு மரணங்கள் 1974 முதல் 1978 வரை ஒவ்வொரு கவுண்டியிலும் எத்தனை நிகழ்ந்தன, பிறந்த குழந்தைகள் எத்தனை என்ற விவரம் அதில் இருக்கிறது. மரணங்களின் எண்ணிக்கைக்கு வண்ணம் பூசினால், சார்லட் நகரம் இருக்கும் மெக்லன்பர்க் கவுண்டிதான் மாநிலத்திலேயே மிகக் கருமையாகத் தெரியும்; அங்கே 44 மரணங்கள். ஆனால் அங்கே பிறந்த குழந்தைகள் 21,588. வகுத்தால் ஆயிரம் பிறப்புக்கு இரண்டைச் சற்றே தாண்டுகிறது. மாநிலம் முழுவதற்கும் 3,29,962 பிறப்புகளுக்கு 667 மரணங்கள் என்பதால், மாநிலச் சராசரியும் அதே இரண்டுதான். படத்தில் மிகவும் பயமுறுத்திய இடம் சராசரியான இடமாகப் போய்விட்டது. மெக்லன்பர்க்கிலிருந்து தென்கிழக்கே ஒரே ஒரு கவுண்டி தள்ளி ஆன்சன் இருக்கிறது. அங்கே 1,570 பிறப்புகளுக்கு 15 மரணங்கள். ஆயிரத்துக்கு ஒன்பதரைக்கும் மேல். எண்ணிக்கைப் படத்தில் இந்த ஆன்சனைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துத் திரையில் காட்டியபோதெல்லாம் என் வகுப்பறை அமைதியாகிவிட்டது எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு படங்களுக்கும் நிரலில் உள்ள வேறுபாடு ஒரே ஒரு வகுத்தல் குறி.

வகுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. அதே கோப்பில் கரிடக் என்ற கவுண்டியில் 508 பிறப்புகளுக்கு ஒரு மரணம். விகிதம் ஆயிரத்துக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவு. இன்னொரு குழந்தை இறந்திருந்தால் அந்த விகிதம் ஒரே தாவலில் நான்கை நெருங்கியிருக்கும். அலெகானி கவுண்டியில் 487 பிறப்புகள், மரணம் ஒன்றுகூட இல்லை. அதற்காக அந்த ஊரின் காற்றில் ஏதோ மருந்து கலந்திருக்கிறது என்று எவரும் எழுதிவிடக் கூடாது. தொகை சிறியதாக உள்ள இடங்களில் விகிதம் தற்செயலாகவே மேலும் கீழும் குதிக்கும். நம் மாநிலத்தில் மாவட்ட அளவில் இந்தச் சிக்கல் அதிகம் தெரியாது. ஆனால், வட்டாரம், ஊராட்சி என்று படத்தைச் சிறிதாக வெட்டிக்கொண்டு போகப் போக, மிக அடர்த்தியான வண்ணமும் மிக வெளிறிய வண்ணமும் மக்கள் குறைந்த ஊர்களிலேயே போய் உட்காரும். ஆகவே விகிதத்துக்கு வண்ணம் பூசி, எண்ணிக்கையை அதே மாவட்டத்தின் மேல் சிறிய எழுத்தில் அச்சிடுவது நல்லது.

எண்ணிக்கையே முக்கியமான செய்திகளும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். எந்த மாவட்டத்து மருத்துவமனைகளில் எத்தனை படுக்கைகள் தேவைப்படும் என்பதற்கு விகிதம் உதவாது. அதற்கு மாவட்டத்தை நிரப்பாமல், மாவட்டத்துக்கு ஒரு வட்டம் வரைய வேண்டும். அதிலும் கவனம் தேவை. எண்ணிக்கை இரு மடங்கானால் வட்டத்தின் பரப்பு இரு மடங்காக வேண்டுமே தவிர, ஆரம் இரு மடங்காகக் கூடாது. ஆரத்தை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். ஆர் மொழியில் படம் வரையும் 'ஜிஜிபிளாட்2' தொகுப்பு, அளவைக் குறிக்கும்போது தானாகவே பரப்பைத்தான் பெருக்குகிறது. ஆரத்தைப் பெருக்கும் கட்டளை தனியாக இருக்கிறது, அதைத் தொடாதிருந்தால் போதும். வட்டத்தின் மையத்தை எங்கே வைப்பது என்பது இன்னொரு கேள்வி. 2020 வரை நாகப்பட்டினம் மாவட்டத்தைக் காரைக்கால் குறுக்கே புகுந்து இரண்டு துண்டாக்கி வைத்திருந்தது. அப்படிப்பட்ட வடிவங்களுக்கு மையப்புள்ளியைக் கணக்கிட்டால் அது மாவட்டத்துக்கு வெளியே விழவும் கூடும். எப்போதும் எல்லைக்குள்ளேயே விழும் ஒரு புள்ளியைத் தரும் கட்டளையும் எஸ்எஃப் தொகுப்பில் உண்டு.

வகுத்த பிறகு எங்கே வெட்டுவது என்பதுதான் அடுத்த பெரிய விஷயம். தங்கள் படங்களில் ஐந்து வண்ணப் பிரிவுகள் எப்படிப் பிரிக்கப்பட்டன என்று எங்கும் சொல்லப்படுவதில்லை. இதன் விளைவைக் காட்ட மக்கள்நெருக்கத்தையே எடுத்துக்கொள்கிறேன். 2011இல் சென்னையில் சதுர கிலோமீட்டருக்கு 26,000 பேருக்கும் மேல்; அடுத்த இடத்தில் இருந்த கன்னியாகுமரியில் ஆயிரத்தைச் சற்றே தாண்டும்; நீலகிரியில் முந்நூறுக்கும் கீழே. இந்த 32 எண்களை ஐந்து சம இடைவெளிகளாகப் பிரிக்கும்படி மென்பொருளிடம் சொன்னால், ஒவ்வொரு இடைவெளியும் ஐயாயிரத்துக்கு மேல் இருக்கும். உச்சிப் பிரிவில் சென்னை மட்டும், அடிப் பிரிவில் மீதி 31 மாவட்டங்களும், நடுவே மூன்று பிரிவுகள் காலியாகவும் கிடக்கும். கன்னியாகுமரியும் நீலகிரியும் ஒரே வண்ணத்தில் இருக்கும் படம் எதற்கு? பிரிவுக்குச் சம எண்ணிக்கையில் மாவட்டங்கள் வரும்படி வெட்டினால் படம் உயிர் பெறும்; ஆனால் கிட்டத்தட்ட ஒரே அளவுள்ள இரண்டு மாவட்டங்கள் வெவ்வேறு வண்ணத்தில் பிரிந்து நிற்கும் அபாயம் அதில் உண்டு. எண்கள் இயல்பாகக் கூடியும் விலகியும் நிற்கும் இடம் பார்த்து வெட்டும் ஜென்க்ஸ் முறையும் இருக்கிறது. 'கிளாஸ்இன்ட்' என்ற தொகுப்பில் இவை எல்லாவற்றையும் பெயர் சொல்லி அழைக்கலாம். என் அனுபவத்தில், வாரந்தோறும் வரும் நோய்ப் படத்துக்கு இவற்றில் எதுவுமே வேண்டாம். லட்சத்துக்கு 10, 20, 40 என்று ஒரு முறை முடிவு செய்து, பருவம் முழுவதும் அதே எல்லைகளை வைத்துக்கொள்வதே வாசகருக்கு உதவும். ஒவ்வொரு வாரமும் மென்பொருளே புதிதாக வெட்டிக்கொண்டால், நோய் பாதியாகக் குறைந்த வாரத்திலும் ஏதாவது ஒரு மாவட்டம் அடர்சிவப்பாகத்தான் இருக்கும்.

எதைக் கொண்டு வகுப்பது என்பதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இன்று 38. காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டும், வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும், விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியும், திருநெல்வேலியிலிருந்து தென்காசியும் 2019இலும், நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை 2020இலும் பிரிந்தன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எல்லைக் கோப்புகள் பலவற்றில் பழைய 32 மாவட்டங்களே இருக்கின்றன. சுகாதாரத் துறை தரும் பட்டியலில் புதிய மாவட்டங்கள் இருக்கின்றன. இரண்டையும் மாவட்டப் பெயரை வைத்து இணைத்தால், தென்காசிக்குப் படத்தில் இடமில்லாமல் போகும். திருநெல்வேலியோ தன் பழைய அகன்ற உருவத்துடனும் புதிய குறைந்த எண்ணிக்கையுடனும் நிற்கும். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், புதிய மாவட்டங்களின் மக்கள்தொகையை 2011இன் வட்ட (தாலுகா), கிராம அளவு எண்களிலிருந்து நாமேதான் கூட்டிக்கொள்ள வேண்டும். வட்டங்களும் அதன்பின் மாற்றி அமைக்கப்பட்டிருப்பதால் சில இடங்களில் கிராமம் வரை இறங்க வேண்டியிருக்கும். சலிப்பான வேலைதான், ஆனால் ஒரு முறை செய்தால் போதும்.

பெயரை வைத்து இணைப்பதில் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. தூத்துக்குடிக்கும் காஞ்சிபுரத்துக்கும் விழுப்புரத்துக்கும் அரசுக் கோப்புகளிலேயே ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்கள் உண்டு. ஒரு கோப்பில் நீலகிரிக்கு முன்னால் 'தி' என்ற ஆங்கிலச் சுட்டுச்சொல் ஒட்டியிருக்கும், இன்னொன்றில் இருக்காது. மனிதர் கண்ணுக்கு இவை ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. பொருந்தாத மாவட்டத்துக்கு எண் கிடைக்காது, எண் கிடைக்காத மாவட்டத்துக்கு ஜிஜிபிளாட் சத்தமில்லாமல் சாம்பல் நிறம் பூசிவிடும். சில வாரங்களுக்கு முன் வந்த படத்தில் தூத்துக்குடி சாம்பலாக இருந்ததைப் பார்த்தபோது, அங்கே நோயே இல்லை என்றுதான் என் வீட்டிலேயே படித்தார்கள். 'ஏன், அங்கே கொசு இல்லையா?' என்று என் மனைவி கேட்டதற்கு, எழுத்துக்கூட்டல் இல்லை என்று நான் சொன்ன பதில் அவருக்குப் புரியவில்லை. கணக்கெடுப்பு ஆணையம் 2011இல் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டுக்கு 602 முதல் 633 வரை, அதில் சென்னை 603. புதிய மாவட்டங்களுக்கு ஊராட்சி அமைச்சகத்தின் உள்ளாட்சிக் கோப்பகத்தில் குறியெண் உண்டு. பெயருக்குப் பதில் எண்ணை வைத்து இணைத்து, இணைத்த பின் எத்தனை வரிசைகளில் மதிப்பு விடுபட்டிருக்கிறது என்று ஒரு வரியில் எண்ணிப் பார்த்துவிட்டால் இந்தப் பிழை நேராது.

மருத்துவமனைகளையோ மழைமானிகளையோ புள்ளிகளாக வைக்கும் படங்களுக்கு ஒரு சொல். சென்னையின் அட்சரேகை ஏறத்தாழ 13, தீர்க்கரேகை 80. இரண்டையும் இடம் மாற்றி உள்ளிட்டால் சென்னை மருத்துவமனைகள் எல்லாம் ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய வடதுருவப் பனிக்கடலில் போய் நிற்கும். இது உடனே கண்ணில் படுவதால் ஆபத்தில்லை. ஆபத்தானது, இடங்களை மீட்டர் கணக்கில் குறித்திருக்கும் கோப்புக்குப் பாகைக் கணக்கின் முத்திரையைக் குத்திவிடுவது. எஸ்எஃப் தொகுப்பில் ஆயமுறையின், அதாவது இடத்தை எண்களால் குறிக்கும் முறையின், பெயரை மட்டும் மாற்றும் கட்டளை ஒன்று, எண்களையே கணக்கிட்டு மாற்றும் கட்டளை இன்னொன்று. வீட்டுப் பெயர்ப்பலகையைக் கழற்றி மாட்டுவதற்கும் வீடு மாறிப் போவதற்கும் உள்ள வேறுபாடு அது. நம் மாநிலத்தில் இது கூடுதலாகக் குழப்பும். மீட்டர் கணக்குக்கு உலகெங்கும் பயன்படும் மண்டலப் பிரிப்பில், 78 பாகைத் தீர்க்கரேகைக்கு மேற்கே 43ஆம் மண்டலம், கிழக்கே 44ஆம் மண்டலம். நான் இருக்கும் திண்டுக்கல் அந்தக் கோட்டுக்குச் சற்று மேற்கே. என் மகள் இருக்கும் மதுரை சற்றுக் கிழக்கே. மாநிலம் முழுவதையும் ஒரே படத்தில் போடும்போது ஏதேனும் ஒரு மண்டலத்தையே எல்லாக் கோப்புகளுக்கும் வைத்துக்கொள்ள வேண்டும்.

வண்ணத்தைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை என்றாலும், ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். வானவில் வரிசையில் பூசப்பட்ட படம் கருப்பு வெள்ளைப் பக்கத்தில் அச்சாகும்போது, சிவப்பும் நீலமும் ஒரே கருமையாகிவிடுகின்றன. உச்சமும் அடியும் ஒன்றாகத் தெரிகின்றன. தங்கள் மாவட்டப் பதிப்பில் உள்பக்கங்கள் கருப்பு வெள்ளைதான். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு ஒரே சீராக இறங்கும் 'விரிடிஸ்' வரிசை ஆர் மொழியில் தயாராக இருக்கிறது. அது கருப்பு வெள்ளையிலும் வரிசை குலையாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத வாசகர்களுக்கும் விளங்கும்.

தமிழ் எழுத்துக்காக மட்டும் படத்தை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோய்ப் பெயர்களைக் கையால் ஒட்டுவதாகத் தங்கள் அலுவலகத்தைச் சேர்ந்த ஒருவர் சொல்லக் கேட்டேன். அப்படிக் கையால் ஒட்டும்போதுதான் பெயர்கள் இடம் மாறுகின்றன. ஆர் மொழியின் வழக்கமான பிடிஎஃப் வெளியீட்டில் தமிழ் சிதைவது உண்மைதான்; 'கோயம்புத்தூர்' என்பதன் முதல் எழுத்தில் ககரம் தனியாகவும் ஓகாரக் குறி தனியாகவும் பிரிந்து விழும், அல்லது வெறும் கட்டங்கள் வரும். எழுத்துருவைச் சரியாகக் கோத்துத் தரும் 'ராக்' தொகுப்பின் வழியாகப் படத்தைச் சேமித்தால் இந்தத் தொல்லை இல்லை. தமிழ்ப் பெயர்களை ஷேப்ஃபைல் என்ற பழைய வகை வரைபடக் கோப்பில் வைக்காமல், ஜியோபேக்கேஜ் என்ற புதிய வகைக் கோப்பில் வைத்துக்கொள்வதும் நல்லது. ஷேப்ஃபைலில் நெடுவரிசைத் தலைப்புக்குப் பத்து எழுத்துக்கு மேல் இடம் கிடையாது, தமிழ் எழுத்துகளும் அதில் அடிக்கடி குளறிப்போகும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே, இரவு ஒன்பது மணிக்குப் புள்ளிவிவரம் வருகிறது, பத்து மணிக்குப் பக்கம் போய்விடுகிறது என்று தாங்கள் சொன்னால், அதே காரணத்துக்காகத்தான் நிரல் எழுதச் சொல்கிறேன் என்பதே என் பதில். சுட்டியைப் பிடித்து மாவட்டம் மாவட்டமாக வண்ணம் பூசுகிறவர் ஒவ்வோர் இரவும் அதே வேலையைத் திரும்பச் செய்கிறார். நிரல் எழுதி வைத்திருப்பவர் அன்றைய கோப்பின் பெயரை மட்டும் மாற்றுகிறார். பணச் செலவும் இல்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மனும் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஆர் மொழியும், ஜெர்மனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்சர் பெபெஸ்மா முன்னின்று உருவாக்கிய எஸ்எஃப் தொகுப்பும் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய பாடநூல்களைப் பார்த்துத் தொடங்குவதைத் தவிர்க்கச் சொல்லுங்கள்; அவற்றில் வரும் 'ஆர்ஜிடால்', 'மேப்டூல்ஸ்' தொகுப்புகளுக்கு 2023 அக்டோபரிலேயே ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

தங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த படத்தின் அடியில், எதை எதனால் வகுத்தோம், மக்கள்தொகை எந்த ஆண்டுக்குரியது, வண்ணப் பிரிவுகளின் எல்லைகள் எவை, சாம்பல் நிறம் எதைக் குறிக்கிறது என்ற நான்கையும் ஒரு சிறு பத்தியாக அச்சிடுங்கள். 38 மாவட்டங்களுக்கும் 2011 மக்கள்தொகையைக் கூட்டி எடுத்த கோப்பும், அதைப் படமாக்கும் நிரலும் என்னிடம் இருக்கின்றன. மொத்தமே நாற்பது வரிக்குள் அடங்கும். தங்கள் வரைபடப் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவைக்கிறேன். கள்ளக்குறிச்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே சில கிராமங்களை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதில் எனக்கு இன்னும் ஐயம் இருக்கிறது; அந்தப் பகுதியில் தங்கள் செய்தியாளர் இருந்தால் அவரை ஒரு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்,
திண்டுக்கல்.